பயிற்சி முடிந்ததும் என் நம்பிக்கை மதிப்பெண் குறைந்துவிட்டது: உள்ளடக்கிய கல்வி படித்தவர்களில் வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

சாக்பீஸ்துகள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன பருவத்தில் எங்களுக்கு 'உள்ளடக்கிய கல்வி' (மாற்றுத்திறனுள்ள குழந்தைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிப்பது) என்று ஒரு தாள் இருந்தது. முதல் வகுப்பிலேயே ஒரு வினாப்படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். மாற்றுத்திறனுள்ள குழந்தைகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், அவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால் உங்களால் முடியுமா என்கிற மாதிரி வரிகள். பருவம் முடிந்ததும் அதே படிவத்தை மறுபடி கொடுத்தார்கள்.

எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்கிற பகுதியில் என் மதிப்பெண் ஏறியிருக்கிறது. என்னால் கற்பிக்க முடியும் என்கிற பகுதியில் நன்றாகவே இறங்கியிருக்கிறது. கவலைப் பகுதியைக் கேட்கவே வேண்டாம். என் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வகுப்பைத் தூங்கியே கழித்த தோழிக்கு எல்லாமே ஏறுமுகம்! விரிவுரையாளர் என் தாளைப் பார்த்துவிட்டு "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்றார். திட்டவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதல் முறை நிரப்பியபோது, ஆட்டிசம் என்றால் ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தை என்றுதான் எனக்குத் தெரியும். அமைதியான குழந்தைக்குப் பாடம் நடத்த என்ன பயம்? இப்போது பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதி எவ்வளவு பெரியது என்பதும் தெரிந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் கற்பித்தல் பயிற்சி தொடங்குகிறது. எனக்குக் கொடுத்திருக்கும் நான்காம் வகுப்பில் 36 பேர். ஒரு பையனுக்கு ஆட்டிசம், ஒரு பெண்ணுக்கு வாசிப்பில் கடுமையான சிரமம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ? நேராகவே சொல்லுங்கள், பரவாயில்லை.

---

மணியடிச்சாச்சு

22 வருடமாக வகுப்பறையில் இருக்கிறேன். அந்தப் படிவத்தை இப்போது எனக்குக் கொடுத்தால் உங்களைவிடக் குறைவாக வந்தாலும் ஆச்சரியமில்லை.

ஒன்று சொல்லுங்கள். எந்தெந்த வரியில் இறங்கியது? மொத்தக் கூட்டலை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

---

சாக்பீஸ்துகள்

தாளை எடுத்துப் பார்த்தேன். தேர்வு முறையைக் குழந்தைக்கு ஏற்ப மாற்றுவது, முரண்டு பிடிக்கும் குழந்தையை அமைதிப்படுத்துவது, சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது, இந்த மூன்றிலும் அதலபாதாளம். புரியாத குழந்தைக்கு வேறு விதமாக விளக்குவது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

---

எண்ணிப்பார்

இந்தத் துறையில் ஆய்வு செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி ஆசிரியர்களிடம் பரவலாகப் பயன்படும் படிவங்கள் இரண்டு. ஒன்று ஃபோர்லின், லோர்மன், ஷர்மா முதலியோர் 2011-ல் வெளியிட்டது: 15 வரிகள், அவற்றில் உணர்வு, மனப்பான்மை, கவலை என்று மூன்று பிரிவு. இன்னொன்று அதே குழுவினர் 2012-ல் கொண்டுவந்தது: 18 வரிகள், முழுக்க முழுக்க 'என்னால் முடியுமா' பற்றியது. கற்பிக்கும் முறை, பிறரோடு சேர்ந்து வேலை செய்தல், நடத்தையைக் கையாளுதல் என்று இதிலும் மூன்று பிரிவு. உங்களுக்குக் கொடுத்தது இவையோ இவற்றைத் தழுவிய ஒன்றோவாக இருக்கலாம். மனப்பான்மை, கவலை, நம்பிக்கை எல்லாம் ஒரே தராசின் தட்டுகள் இல்லை. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கலாம், உங்களுக்கு நடந்ததுபோல.

இரண்டாவது விஷயம், அளக்கும் கோலே நடுவில் நீண்டுவிட்டது. பருவத் தொடக்கத்தில் 'என்னால் முடியும்' என்று எழுதியபோது எது முடியும் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். அதனால் இரண்டு மதிப்பெண்களும் ஒரே கேள்விக்கான பதில்களே அல்ல. ஆய்வு முறையியலில் இது பழைய தலைவலி. சிலர் பயிற்சி முடிந்த பிறகு, 'இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அன்று உங்கள் நிலை என்ன?' என்று பின்னோக்கியும் கேட்பார்கள். அப்படிக் கேட்டிருந்தால் உங்கள் முதல் மதிப்பெண் சரிந்து, இப்போதையது ஏற்றமாகக்கூடத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் சுயதிறன் நம்பிக்கை, அதாவது 'என்னால் முடியும்' என்கிற எண்ணம், எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து வெற்றி கண்டது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. முதலாவதுதான் மற்ற மூன்றையும்விட வலுவானது. உங்கள் தாளில் அந்த முதல் ஊற்றுக்கு இடம் இருந்ததா?

---

சாக்பீஸ்துகள்

இல்லை. மொத்தமும் விரிவுரை, ஒரு குறும்படம், ஒரு ஒப்படைப்பு. அப்புறம் ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள், பார்வையில்லாதவர்களின் அனுபவத்தைப் புரிந்துகொள்ள. நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அன்று இரவு 'இப்படி ஒரு குழந்தை என் வகுப்பில் இருந்தால் என்ன செய்வேன்' என்று தூக்கமே வரவில்லை.

---

நேர்பேச்சு

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், திட்டுபவர்கள் திட்டுங்கள்.

என் வகுப்பில் 48 பேர். சிறப்பாசிரியர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார், வந்தால். 1994-ல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி, சாதாரணப் பள்ளிகளிலேயே எல்லாரும் படிக்கட்டும் என்று அறிக்கை நிறைவேற்றினார்கள். நல்லது. நிறைவேற்றியவர்களில் ஒருவர்கூட இரண்டாவது மணிக்கு என் வகுப்பில் வந்து நிற்கவில்லை.

இப்போது கேட்டால் 'ஆசிரியரின் மனப்பான்மை மாற வேண்டும்' என்கிறார்கள். அறையைக் கொடுக்காமல், ஆளைக் கொடுக்காமல், நேரத்தைக் கொடுக்காமல், மனசை மட்டும் மாற்றிக்கொள் என்றால் என்ன நியாயம்? வண்டிக்குச் சக்கரம் இல்லை, மாட்டுக்கு மனப்பான்மைப் பயிற்சி!

தங்கை, உங்கள் பயம் சரியான பயம். அதை நோயாக்காதீர்கள். சில குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிதான் நல்லது என்று நினைப்பதும் குற்றமில்லை.

---

இடதுகாது

ஆசிரியர் இல்லை நான். எனக்கு வலது காது முழுவதும் கேட்காது, இடதில் கருவி. சாதாரணப் பள்ளியில்தான் 12 வருடமும் படித்தேன். மாட்டு உதாரணத்துக்குச் சிரித்துவிட்டேன், அதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

எனக்குப் பாடம் எடுத்த இருவரைச் சொல்கிறேன். முதலாமவருக்கு என்மேல் அவ்வளவு பாசம். சேர்ந்த முதல் நாளே என்னை முன்னால் நிறுத்தித் தோளில் கைபோட்டு, "இவனுக்குக் காது கேட்காது, பாவம், எல்லாரும் இவனுக்கு உதவி பண்ணணும்" என்று வகுப்புக்கு அறிவித்தார். அந்த வருடம் முழுக்க எனக்கு உதவி செய்ய ஆள் இருந்தது, விளையாட ஆள் இல்லை. இரண்டாமவர் கணக்கு ஆசிரியர், கொஞ்சம் சிடுமூஞ்சி. என்னிடம் தனியாக ஒரு வார்த்தை பரிவாகப் பேசியதில்லை. ஆனால் கரும்பலகையில் எழுதும்போது பேச மாட்டார். எழுதி முடித்து, திரும்பி, பிறகுதான் வாயைத் திறப்பார். பின்வரிசையில் யாராவது பதில் சொன்னால் அதை ஒருமுறை அவர் திருப்பிச் சொல்லுவார். என் கருவிக்கு ஓரிரு மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் பேச்சு வெறும் இரைச்சல். அவர் திருப்பிச் சொன்னதால்தான் என் வகுப்புத் தோழர்களுக்கும் புத்தி உண்டு என்று எனக்குத் தெரிய வந்தது.

உங்கள் படிவத்தை இருவருக்கும் கொடுத்தால் யாருக்கு நூற்றுக்கு நூறு வரும்?

அப்புறம் அந்தக் கண்கட்டு விளையாட்டு. அதை எந்தக் கல்லூரியாவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். பார்வையில்லாதவர் பல வருடப் பழக்கத்தில், கோலோடும் காதோடும் நடக்கிறார். கண்ணைக் கட்டிய பத்தாவது நிமிடத்தில் உங்களுக்குக் கிடைப்பது அவருடைய அனுபவம் இல்லை, பார்வை போன முதல் பத்து நிமிடத்தின் அனுபவம்.

---

எண்ணிப்பார்

இடதுகாது சொன்னதற்கு ஆய்வு ஆதாரமே உண்டு. நாரியோ ரெட்மண்ட் குழுவினர் 2017-ல் இத்தகைய பாவனைப் பயிற்சிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்களிடம் பரிவு கொஞ்சம் கூடியது உண்மைதான். கூடவே குழப்பம், சங்கடம், கையறு நிலை, 'எனக்கும் இப்படி வந்துவிடுமோ' என்கிற அச்சம் எல்லாம் கூடின. சாக்பீஸ்துகள், மாடிப்படியில் நீங்கள் அழுதது உங்கள் குறை அல்ல. அந்தப் பயிற்சி அதைத்தான் செய்யும்.

நேர்பேச்சு அவர்களுக்கு: நீங்கள் சொல்லும் புகார் ஐக்கிய நாடுகளின் ஆவணத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-ல் வந்தது. அதன் 24-வது பிரிவு கல்வி பற்றியது. அந்தப் பிரிவை விளக்கி 2016-ல் வெளியான பொதுக் கருத்துரை, ஒதுக்குவது, பிரித்து வைப்பது, சேர்த்து உட்காரவைப்பது, உள்ளடக்குவது என்று நான்கையும் தனித்தனியாக வரையறுக்கிறது. அமைப்பு, பாடத்திட்டம், கற்பிக்கும் முறை எதையும் மாற்றாமல் குழந்தையைக் கொண்டுவந்து வகுப்பில் உட்காரவைத்தால் அது உள்ளடக்கம் ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 48 பேருக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் போனவர்கள் அந்த ஆவணத்தைக் கடைப்பிடிக்கவில்லை. ஆவணத்தின்மேல் ஏன் கோபம்?

---

நேர்பேச்சு

ஆவணத்தில் இருந்தால் எனக்கு என்ன லாபம்? நாற்காலி வந்துவிட்டது, மற்றது வரவில்லை. நான் பேசுவது அந்த இடைவெளியைப் பற்றி. அதில் நிற்பது நான், அப்புறம் அந்தக் குழந்தை.

இடதுகாது, உங்கள் கணக்கு ஆசிரியரை மதிக்கிறேன். ஆனால் காது விஷயம் வேறு. நாற்காலியைத் தூக்கி வீசும் குழந்தைக்கு 'திரும்பி நின்று பேசு' என்பதுபோல ஒரு வரி வைத்தியம் உண்டா?

---

இடதுகாது

இல்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சைகை மொழியை மட்டுமே பேசும் குழந்தையை, சைகை தெரிந்த ஒரு ஆள்கூட இல்லாத வகுப்பில் போட்டால் அது தனிமைச் சிறை. அவர்களில் பலர் தங்கள் மொழி பேசும் பள்ளியைத்தான் கேட்பார்கள். எண்ணிப்பார் சொன்ன அதே 24-வது பிரிவு, சைகை மொழி கற்கவும் காது கேளாதோர் சமூகத்தின் மொழி அடையாளத்தைப் பேணவும் வழி செய்யச் சொல்கிறது. நான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசவில்லை.

ஆனால் நாற்காலியை வீசுவதற்கு முன் பத்து நிமிடம் என்ன நடந்தது என்று யாராவது கவனித்தார்களா?

---

வாசலில் காத்திருப்பவள்

அந்தக் கடைசிக் கேள்விக்காகவே கணக்குத் தொடங்கி உள்ளே வந்தேன். என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். நாற்காலி வீசியிருக்கிறான், ஒருமுறை.

ஒவ்வொரு வருடமும் பயிற்சி ஆசிரியர்கள் வருவார்கள். ஒரு வருடம் வந்த தம்பி எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார். நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. 'இந்தக் குழந்தைகளுக்குப் படம்தான் புரியும்' என்று பை நிறையப் பட அட்டைகள். என் மகன் நாலு வயதிலேயே எழுத்துக்கூட்டி வாசித்தவன். அவனுக்குப் படம் பிடிக்காது, எழுத்து பிடிக்கும். மூன்று வாரம் அட்டையைக் காட்டினார், இவன் மூன்று வாரம் மேசைக்கு அடியில் இருந்தான். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. அவரிடம் கேள்வியே இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் வந்த பெண்ணுக்கு என்னிடம் பேசும்போதே கை நடுங்கியது. வந்ததும் கேட்டது, "இவனுக்கு எதெல்லாம் பிடிக்காது சொல்லுங்க அக்கா." கைபேசியில் குறித்துக்கொண்டே போனாள். மணிச் சத்தம், தோளைத் தொடுவது, 'அப்புறம் பார்க்கலாம்' என்கிற பதில். அப்புறம் என்றால் எப்போது என்று தெரியாவிட்டால் இவனுக்குத் தாங்காது. அவள் "அப்புறம்" என்பதை விட்டுவிட்டு "கணக்கு முடிந்ததும்" என்று சொல்லப் பழகினாள். நாற்காலி அதன் பிறகு பறக்கவில்லை என்று சொல்ல ஆசைதான், அது பொய். குறைந்தது.

சாக்பீஸ்துகள், உங்களுக்குக் கை நடுங்கினால் நடுங்கட்டும்மா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உதவியாளர் என்று ஒருவரைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இவனுக்கு ஒருவர் இருந்தார். எப்போதும் பக்கத்திலேயே. மற்றக் குழந்தைகள் இவனிடம் பேச வேண்டியதை அவரிடம் பேசினார்கள், வகுப்பாசிரியரும் அப்படியே. நடுவில் இவன் ஒரு பார்சல் மாதிரி.

---

எண்ணிப்பார்

ஜியாங்ரெகோ என்கிற ஆய்வாளர் 1997-ல் எழுதியதும் இதுதான். உதவியாளர் ஓயாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வகுப்பாசிரியர் 'அந்தக் குழந்தை என் பொறுப்பல்ல' என்று விலகிவிடுகிறார், சக குழந்தைகளும் விலகிவிடுகிறார்கள். நன்றி அம்மா, ஆய்வுக் கட்டுரையில் 'பார்சல்' என்ற சொல் இல்லை, இருந்திருக்கலாம்.

இடையில் ஒரு பழைய கதை, கொஞ்சம் தடம் மாறித்தான். லாபியர் என்கிற சமூகவியலாளர் 1930-களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் சுற்றினார். சீனர்மீது வெறுப்பு மிகுந்த காலம். 251 விடுதிகள், உணவகங்களில் ஏறி இறங்கினார்கள், ஒரே ஒரு இடத்தில்தான் மறுத்தார்கள். பிற்பாடு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி 'சீனர்களை ஏற்பீர்களா?' என்று கேட்டார். பதில் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 'மாட்டோம்' என்றார்கள். 1934-ல் வெளியிட்டார். காகிதத்தில் சொல்வதற்கும் வாசலில் ஆள் வந்து நிற்கும்போது செய்வதற்கும் இருக்கும் தூரம் அவ்வளவு. குறைகளும் உண்டு, கடிதத்துக்குப் பதில் போட்டவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்று தெரியாது.

நம் துறையில் பெரும்பாலும் திசை தலைகீழ். படிவத்தில் 'வரவேற்கிறேன்' என்று எழுதுவது சுலபம், அதுவும் மதிப்பெண் போடுகிறவர் எதிரில் நிற்கும்போது.

---

மணியடிச்சாச்சு

ஆய்வெல்லாம் நடக்கட்டும். இந்தப் பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் வகுப்பு. நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் பாடம் நடத்தக் கேட்காதீர்கள். பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லுங்கள். பார்ப்பது என்றால் அந்தப் பையனையே முறைத்துப் பார்ப்பது இல்லை. வகுப்பைப் பாருங்கள். எப்போது சத்தம் கூடுகிறது, எப்போது இடம் மாறுகிறார்கள், எந்த மாற்றத்துக்கு முன்னறிவிப்பு இல்லை. பையன் எழுந்து ஓடினால் ஓடியதை எழுதாதீர்கள், அதற்கு முன் நடந்ததை எழுதுங்கள். ஐந்தாறு தடவை எழுதினால் உங்களுக்கே ஏதோ ஒன்று புலப்படும். புலப்படாவிட்டால் அவன் அம்மாவிடம் கேளுங்கள், வாசலில்தான் இருப்பார்கள்.

வாசிப்புச் சிரமம் உள்ள பெண்ணை வரிசைப்படி எழுப்பி வாசிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். தன் முறை வருவதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவதிலேயே அந்தப் பீரியட் போய்விடும். பாடம் காதில் விழாது. இதை ஒன்பது வருடம் தெரியாமல் செய்தேன். அந்தக் குழந்தைகளின் முகம் சிலது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

எல்லாப் பாடத்தையும் மாற்றப் போகாதீர்கள். ஒரு பாடம், ஒரு குழந்தை, ஒரு மாற்றம். அதைச் செய்யும் அன்று வழிகாட்டி ஆசிரியரைப் பின்னால் உட்காரச் சொல்லி, அந்த ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். "நல்லா பண்ணினே" என்பார், அது உதவாது. எந்த நிமிடத்தில் அவள் பென்சிலை எடுத்தாள், எந்த நிமிடத்தில் வைத்தாள் என்று கேளுங்கள்.

நேர்பேச்சு, 48 பேரில் எனக்கும் எல்லாம் முடிந்ததில்லை. வருடத்துக்கு ஒரு பழக்கம் மாற்றினேன். 22 வருடத்தில் 22 ஆகியிருக்க வேண்டும், 14 நின்றிருக்கும்.

---

முதல்வருடம்

போன வருடம் பயிற்சி முடித்து இப்போது வேலையில் இருக்கிறேன். பயிற்சியின்போது என் நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. ஏனென்றால் வழிகாட்டி ஆசிரியர் பக்கத்திலேயே இருந்தார், வகுப்பு அவருடையது, சண்டை வந்தால் அவர் பார்வை ஒன்று போதும். இங்கே வந்த முதல் மாதம் கழிப்பறையில் போய் நின்று முகம் கழுவிய நாட்கள் உண்டு. நம்பிக்கை இறங்குவதானால் இப்போதே இறங்கிவிடட்டும், தனியாக இருக்கும்போது இறங்குவது கொடுமை.

---

எண்ணிப்பார்

உல்ஃபோக் ஹோய், ஸ்பீரோ என்கிற ஆய்வாளர்கள் இருவரும் 2005-ல் கண்டதும் இந்தப் போக்குதான்: கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் ஏறிய நம்பிக்கை, வேலையின் முதல் ஆண்டில் இறங்கியது. கிடைத்த ஆதரவின் அளவும் அதில் தொடர்புடையது என்று பார்த்தார்கள்.

---

நேர்பேச்சு

மணியடிச்சாச்சு சார் சொன்ன 'முன் நடந்ததை எழுது' என்பதை நான் செய்ததில்லை. அது காசு கேட்காத வேலைதான். செய்து பார்க்கிறேன். மற்றபடி என் கருத்து மாறவில்லை. ஆண்டுத் தேர்வில் எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே மூன்று மணி நேரம் என்றால் நான் வகுப்பில் எதை மாற்றி என்ன?

---

சாக்பீஸ்துகள் (நான்கு வாரம் கழித்து)

எல்லாருக்கும் வணக்கம். பயிற்சி பாதி முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன், பெருமையாக ஒன்றும் இல்லை.

மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு ல, ள, ழ எல்லாம் பக்கத்தில் ஒன்றாக மிதக்கிறது என்று அவளே சொன்னாள். கதை சொன்னால் கடைசி வரை ஞாபகம் வைத்திருக்கிறாள். அவளுக்காக ஒரு பயிற்சித்தாள் செய்தேன், பெரிய எழுத்து, குறைந்த வரிகள், படங்கள். இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து செய்தது. மறுநாள் கொடுத்தேன். பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்து "உனக்கு மட்டும் ஏன் சின்னப் பிள்ளைத் தாள்?" என்றான். அவள் அதை மடித்துக் காலுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க என்னைப் பார்க்கவே இல்லை. இடதுகாது அவர்களின் முதல் ஆசிரியர் ஞாபகத்துக்கு வந்தார்.

வழிகாட்டி ஆசிரியர் சொன்ன யோசனைதான் இது, என்னுடையது இல்லை. அடுத்த பாடத்துக்கு மூன்று விதத் தாள் அச்சிட்டு மேசையில் வைத்தேன். படத்தோடு ஒன்று, நடுத்தரம் ஒன்று, நீளமான பத்தியோடு ஒன்று. யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம், இடையில் மாற்றியும் கொள்ளலாம் என்றேன். வகுப்பிலேயே முதலாக வரும் பையன் ஓடிவந்து படத்தாளை எடுத்தான், வண்ணம் தீட்டலாமாம்! அவள் நடுத்தரத் தாளை எடுத்தாள். இரண்டு கேள்வி விட்டுவிட்டாள், மீதியை எழுதினாள். பத்தாவது நிமிடத்தில் பென்சிலை வைத்துவிட்டுப் பதினான்காவது நிமிடத்தில் மறுபடி எடுத்தாள் என்று ஆசிரியர் குறித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பையன் விஷயம் அப்படி இல்லை. ஏழு தடவை எழுதினேன். ஐந்து தடவை மணி அடிப்பதற்குச் சற்று முன்னால்தான் எழுந்து ஓடுகிறான். முன்னால்! மணி அடித்த பிறகு இல்லை. அவனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். காத்திருப்பதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினேன், அங்கே மணி தூரத்தில் கேட்கும். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து திரும்பி வரவில்லை, தேடி அலைந்தோம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தான். தலைமையாசிரியர் இனி யாரையும் தனியாக அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான்.

நேற்று கல்லூரியில் மூன்றாவது முறையாக அதே படிவம். நடத்தையைக் கையாள முடியும் என்கிற வரியில் வெகுநேரம் நின்றேன். அந்தப் பெண் என்றால் ஒரு பதில், பையன் என்றால் வேறு பதில். கட்டத்தில் அதற்கு இடமில்லை. நடுவில் ஒரு டிக் போட்டுவிட்டு வந்தேன். எண்ணிப்பார் அவர்கள் மன்னிக்கவும்.

---

எண்ணிப்பார்

இதில் மன்னிக்க என்ன இருக்கிறது? என் தரவுத் தொகுப்பில் நடுக் கட்டங்கள் ஏராளம். இனி அவற்றைப் பார்க்கும்போது எரிச்சல் கொஞ்சம் குறையும்.

---

வாசலில் காத்திருப்பவள்

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சத்தம் எப்படி இருக்கும் அங்கே? மோட்டார் ஓடுமா? என் மகனுக்கு ஒரே மாதிரி ஓடும் சத்தம் ரொம்பப் பிடிக்கும், மற்றச் சத்தத்தை அது மூடிவிடும். அவன் ஒளிந்துகொள்ளப் போகாமல் அதைத் தேடிப் போயிருக்கலாம். ஊகம்தான், அவன் அம்மாவிடம் கேளுங்கள்.

---

சாக்பீஸ்துகள்

மோட்டார் ஓடும் அக்கா. எனக்கு இது தோன்றவே இல்லை. நாளைக்குக் காலையில் அவன் அம்மா விட்டுவிட்டுப் போக வருவார், பிடித்துவிடுகிறேன். காது மூடும் ஹெட்போன் வகுப்புக்குள் அனுமதிப்பார்களா என்றும் கேட்க வேண்டும்.

---

மணியடிச்சாச்சு

தலைமையாசிரியரிடம் கேட்கும்போது அந்த ஏழு தடவை எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள்.